வாசலில் வைத்த ஊறல்

1

போன வாரம் என் அண்ணன் மகன் பழனி போன் பண்ணினான். அவன் வாழவந்தியில் இருக்கிறான். யேற்காட்டுக்கும் சேலத்துக்கும் வேன் ஓட்டுகிறான். எப்போதும் மழை, மிளகு, யாருக்குக் கல்யாணம் என்று ஆரம்பிக்கிறவன் அன்றைக்கு நேராகக் கேட்டான்.

“ஏனுங்கத்தை, நீங்க அங்க சாராயம் காச்சறீங்களாமா?”

யார் சொன்னது என்று கேட்டேன். யேற்காடு கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் பாயின் தம்பி இந்த நாட்டுக்கு வியாபாரமாக வந்திருந்தார். நம்ம ஊர்க்காரி ஒருத்தி இங்கே இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு மலையேறி வந்தார். என் வீட்டில் காப்பி குடித்தார். ஊர்க் கதை பேசினார். வாசலில் பானை இருந்ததைப் பார்த்திருக்கிறார். நல்ல மனிதர். பார்த்ததைத்தான் போய்ச் சொல்லியிருப்பார். கடைவீதியிலிருந்து பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வாழவந்தி. அதற்குள் பானை கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

“காச்சலை சாமி. ஊற வெக்கிறேன்” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே அத்தை.”

“ஒண்ணு இல்ல.”

அதற்குள் லைன் போய்விட்டது. இரண்டும் ஒன்றில்லை என்று சொல்ல போன் போதாது. அதனால் எழுதுகிறேன். மூன்றாம் கிளாஸ் வரைக்கும் படித்தவள் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பழனி, இதைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டு. பஸ் ஸ்டாண்டிலும் காட்டு.

2

நான் இருப்பது கிளிமஞ்சாரோ மலையின் சரிவில். மேலே பனி, கீழே வெயில், நடுவில் நாங்கள். யேற்காட்டில் சில்வர் ஓக் மரத்தடியில் காப்பி நிற்கும். இங்கே வாழையடியில் நிற்கிறது. காலையில் கதவைத் திறந்தால் வருகிற மூடுபனி மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அது எந்த ஊர் என்று சொல்லாது.

என் வீட்டுக்காரர் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பல்ப்பர் மேஸ்திரி. காப்பிப் பழத்தைத் தோல் உரித்து, தொட்டியில் ஊற வைத்து, வழவழப்புப் போகக் கழுவி எடுக்கிற வேலை. அந்த எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்கார மேனேஜர் நமக்குச் சுதந்திரம் வந்த பிறகு ஆப்பிரிக்காவுக்கு மாறிப் போனார். போனவர் இவரையும் வரச் சொல்லி எழுதினார். கப்பலில் வந்தோம். நான் கொண்டு வந்ததில் பெரிய சாமான் ஒரு தோசைக்கல். அதைப் பிறகு சொல்கிறேன்.

பிறகு இந்த நாட்டுக்கும் சுதந்திரம் வந்தது. எஸ்டேட்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. மேனேஜர் போய்விட்டார். நாங்கள் போகவில்லை. இவருக்கு வேலை தெரியும் என்று ஒரு துண்டு நிலம் ஒதுக்கிக் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். மகள் மலர் இங்கேதான் பிறந்தாள்.

குடியிருக்கக் காகிதம் வாங்கப் போனது நினைவிருக்கிறது. இங்கே எந்த ஜனத்தின் பெயரும் ‘வா’ என்று ஆரம்பிக்கும். ஒற்றை ஆள் என்றால் ‘வா’வை எடுத்துவிட்டு ‘ம்’ போடுவார்கள். ஆபீசர் என்னைப் பார்த்து என்ன ஜனம் என்று கேட்டார். எனக்கு எந்த ஊர் என்று கேட்டதாகப் பட்டது. வாழவந்தி என்றேன். அவருக்குத் திருப்தி. ‘வா’ முன்னாலேயே இருக்கிறதே. நான் ஒருத்திதானே என்று ‘ம்லவந்தி’ என்று எழுதிவிட்டார். இவர் திருத்தப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். திருத்தினால் இன்னொரு நாள் வா என்பார்கள்.

இன்றைக்கும் என் காகிதத்தில் அதுதான் என் ஜனம். உலகத்தில் அந்த ஜனத்தில் நான் ஒருத்திதான். வாழ வந்தவள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டால் பிழையும் இல்லை.

இங்கே பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து ‘மாமா’ என்று கூப்பிடுவார்கள். அம்மா என்று அர்த்தம். நான் மாமா மலர். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் மாமா நேமா. என் வயதுக்காரி. வந்த புதிதில் அண்ணனுக்குக் கடிதம் போட்டபோது, இங்கே பக்கத்து வீட்டு மாமா எனக்கு நல்ல துணை என்று எழுதிவிட்டேன். யார் அந்த மாமா என்று அண்ணன் மூன்று பக்கம் பதில் எழுதினார்.

3

மேலே பனி உருகி வருகிற தண்ணீரை இங்கே வாய்க்கால் வெட்டிக் கொண்டு வருவார்கள். வீட்டுக்கு ஒரு நாள் முறை. எனக்கு வியாழக்கிழமை. மழை ஓய்ந்ததும் எல்லாரும் சேர்ந்து வாய்க்காலைத் தூர் வாருவார்கள். அன்றைக்கு ஒரு வீடு எல்லாருக்கும் பியர் கொடுக்கவேண்டும். வருடம் ஒரு வீடு என்று முறை சுற்றி வரும். கடையில் விற்கிற பியர் இல்லை. வாழைப்பழமும் கேழ்வரகும் போட்டு வீட்டில் ஊற வைக்கிறது. எங்கள் முறை வந்தபோதெல்லாம் இவர் ரோட்டுக் கடையில் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். கடைத்தண்ணி என்று முனகிக்கொண்டே குடித்தார்கள். இவர் நன்றாக மண் வெட்டுவார் என்பதால் விட்டுவிட்டார்கள்.

இவர் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அடுத்த வருடம் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. பக்கத்து நாட்டோடு சண்டை முடிந்து கடைகளில் ஒன்றும் இல்லாத காலம். சோப்புக்கு நின்றோம். சர்க்கரைக்கு நின்றோம். பாட்டில் பியரைப் பெரிய அதிகாரிகளே பார்த்து நாளாகியிருந்தது.

வாய்க்காலுக்கு யோசுவா என்று ஒரு பெரியவர் பொறுப்பு. அவர் வந்து வாசலில் நின்றார். இங்கே பேசுகிறது வேறு பேச்சு. நான் நம்ம பேச்சிலேயே எழுதுகிறேன்.

“முறை ஆளோடது இல்லம்மா, ஊட்டோடது. பானை வந்தா ஊடு இருக்குதுன்னு அர்த்தம். வரலைன்னா தண்ணி அடுத்த ஊட்டுக்குப் போயிரும்.”

அவர் பயமுறுத்தவில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். வியாழக்கிழமை போனால் கீரை போகும். இளங்காப்பி போகும். பிறகு நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

மலர் அப்போது டவுனில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தாள். கடற்கரைப் பட்டணத்தில் பெரிய ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. நிலத்தை விட்டுவிட்டு என்னோடு வா என்றாள். அதையும் தமிழில் சொல்லவில்லை. நான் தமிழில் கேட்பேன். அவள் இந்த ஊர்ப் பேச்சில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து அப்படித்தான். சண்டை போட்டாலும் இரண்டு பாஷையில்தான் போடுவோம். தூர் வாருகிற நாளன்று வருகிறேன், அன்றைக்குப் பதில் சொல் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பட்டணத்துக்குப் போய் மகள் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்க எனக்கு மனம் இல்லை. ஊருக்குத் திரும்பி அண்ணன் வீட்டு மூலையில் உட்கார அதைவிட மனம் இல்லை. மூலையே வேண்டாம் என்றால் பானை வைக்கவேண்டும்.

4

பானை வைப்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. ஏன் என்று வாழவந்தியில் வயதானவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது சேலம் ஜில்லா முழுக்க மதுவிலக்கு. மலையில் சாமை விளையாத வருடம் அப்பன் ஊறல் போட்டார். வெல்லம், வாழைப்பழம், வேலம்பட்டை. பானையைக் காப்பிச் செடிகளுக்கு நடுவில் கழுத்து வரை புதைத்து, மேலே தட்டு வைத்து, தட்டின் மேல் மண் போட்டு, மண்ணின் மேல் சருகு போட்டு, வாசம் தெரியாமல் இருக்கச் சுற்றிலும் சாணியும் கரைத்து ஊற்றுவார். சருகு கொண்டு வந்து கொட்டுகிற வேலை எனக்கு. போலீஸ்காரர்கள் கீழேயிருந்து ஏறி வருவார்கள். கையில் நீளமான கம்பி இருக்கும். மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போவார்கள். கம்பி பானையில் படுகிற சத்தம் ஒன்று உண்டு. டக் என்று. பெரிய சத்தம் இல்லை.

அப்பனைக் கூட்டிப் போனார்கள். சேலம் ஜெயிலில் இருந்து வந்த பிறகு அவர் முன்னைப் போலப் பேசவில்லை. எஸ்டேட்டில் ரைட்டர் பேர் கூப்பிட்டால்கூடத் திடுக்கிட்டு எழுந்து நிற்பார். அம்மா எங்களைச் சேர்வராயன் குகைக் கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கற்பூரத்தின் மேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவும் பொங்கக்கூடாது. கூழ் புளித்து நுரை தள்ளினாலும் அம்மா முதலில் வாசலைத்தான் எட்டிப் பார்ப்பாள்.

அப்படி வளர்ந்தவள் ஒரு நாள் காலையில் வேலியோரம் போய் நின்று, பியர் எப்படிப் போடுவது என்று மாமா நேமாவிடம் கேட்டேன்.

5

அவள் கேட்ட முதல் கேள்வி: “உன் உலேசி எங்க?”

உலேசி என்றால் பிள்ளை வளர்ப்பு. மலரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது டீச்சர் சொல்லிச் சொல்லிக் கேட்ட வார்த்தை. இவள் ஏன் இப்போது அதைக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

“டவுன்ல டைப் அடிக்குது” என்றேன்.

மாமா நேமா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகுதான் சொன்னாள். கேழ்வரகுக்கும் அதே வார்த்தைதானாம். அந்த வாரம் முழுக்க என்னைப் பார்த்தால் டைப் அடிக்கிற மாதிரி விரலை ஆட்டினாள்.

கேழ்வரகு அப்போது சுலபத்தில் கிடைக்காது. இந்த மலையில் விளைவது கம்மி. கீழேயிருந்து வரவேண்டும். லாரிக்கு டீசல் இல்லை. சந்தையில் ஒரு பெண் சின்ன மூட்டை ஒன்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காசு வேண்டாம் என்றாள். காசுக்குக் கடையில் வாங்க ஒன்றும் இல்லையே. இரும்பு இருக்கிறதா என்றாள். தோசைக்கல்லைக் கொடுத்தேன். அரிசியும் உளுந்தும் இல்லாத ஊரில் தோசைக்கல் எதற்கு. அப்படிச் சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

கேழ்வரகை முளைகட்ட எனக்குத் தெரியும். மலருக்குக் கூழ் காய்ச்சிக் கொடுத்த கைதானே. ஊற வைத்துத் துணியில் கட்டி, வெள்ளையாக மூக்கு விட்டதும் எடுத்துக் காட்டினேன். “இன்னும் தூங்குது, எழுப்பாத” என்றாள் மாமா நேமா. குழந்தைக்கு வேறு, பியருக்கு வேறு. முளை நன்றாக நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளவேண்டும். அப்போதுதான் இனிப்பு. வாழைப்பழத்தைத் தண்ணீரில் போட்டு அரை நாள் வேக வைத்தேன். ஆறிய பிறகு அது தன்னால் ஊறவேண்டும். பிறகு அதை வடிகட்டி, முளைத்த கேழ்வரகை அரைத்துக் கஞ்சியாக்கி அதில் ஊற்றவேண்டும். வடிகட்ட ஒன்றும் இல்லை. என் மெல்லிய நூல் சேலை ஒன்றைக் கிழித்தேன். கசப்புக்குப் போடுகிற மரப்பட்டையை மாமா நேமா தன் வீட்டிலிருந்து கொடுத்தாள்.

பானை வைக்கச் சொல்லிக் கொடுத்தவள் அதை எங்கே வைப்பது என்று சொல்லவில்லை. சொல்லவேண்டியதில்லை என்று நினைத்திருப்பாள்.

6

நான் புதைத்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. விடிகிற நேரம், மூடுபனி. வேக வைத்த பழத்தோடு பானையைத் தூக்கிக்கொண்டு வாழைத் தோப்புக்குள் போனேன். குழி தோண்டினேன். கழுத்து வரை இறக்கினேன். தட்டு, மண், சருகு. மாமா நேமாவின் மாட்டுக்கொட்டகை ஓரம் கிடந்த சாணியைக் கரைத்துச் சுற்றிலும் ஊற்றினேன். கை தானாகச் செய்தது. ஊறல் என்றால் அப்படித்தான் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் மாமா நேமா என்னிடம் சொல்லிவிட்டு இலை வெட்டத் தோப்புக்குள் போனாள். இலை இல்லாமல் திரும்பி வந்தாள். என்னைப் பார்க்காமல் போனாள். அன்றைக்கு மாலை நெருப்புக் கேட்டு யாரும் வரவில்லை. மறுநாள் ரோட்டில் எதிரே வந்த இரண்டு பேர் அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போனார்கள். என்ன என்று எனக்கு விளங்கவில்லை. வேலியோரம் போய் அவளைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. அங்கிருந்தபடியே சொன்னாள்.

“பியரை ஒளிச்சு வெக்கிறவங்க எதுக்கு வெப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியாது என்றேன்.

“உள்ள வேற எதையோ போடறதுக்கு. இங்க பானை வாசல்ல இருக்கும். போறவங்க வர்றவங்க பாத்துட்டுப் போவாங்க. அப்பத்தான் குடிப்பாங்க. உன் பானையை இனி யாரு தொடுவா?”

விஷம் என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவள் நல்ல குணம்.

“போலீசு” என்று ஆரம்பித்தேன். எந்த போலீசு என்றாள். இந்த ஊரில் ஊறலைத் தேடி யாரும் கம்பியோடு வருவதில்லை. வந்தது நான்தான். கடல் தாண்டி வந்தும் அந்தக் கம்பியைக் கூடவே கொண்டு வந்திருக்கிறேன்.

தோப்புக்குப் போய்த் தோண்டினேன். பானை சில்லென்று இருந்தது. மலை மண்ணின் குளிர் உள்ளே இறங்கியிருந்தது. காதை வைத்துக் கேட்டேன். ஊறல் உயிரோடு இருந்தால் சின்னதாகச் சத்தம் கேட்கும். ஒன்றும் இல்லை.

குழி விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது அம்மா சத்தியம் வாங்கியது நினைவு வந்தது. இத்தனை வருடமும் ஊறல் போடாதே என்று அம்மா சொன்னதாகத்தான் வைத்திருந்தேன். சத்தியத்தை மீறிவிட்டேன் என்ற பயத்தோடுதான் எல்லாம் செய்தேன். ஆனால் அம்மா சொன்னது அது இல்லை. குகை வாசலில் அவள் சொன்னது முழுதாகக் காதில் வந்தது.

“ஒளிச்சு வெக்கிற பொழப்பு இனி நம்ம ஊட்டுக்கு வேண்டாம் கண்ணு.”

ஊறல் என்று அவள் சொல்லவே இல்லை.

பானையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தேன். நல்ல வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தேன்.

7

தூர் வாருகிற நாளுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. வேறு பானை வைக்கக் கேழ்வரகு இல்லை. முளைகட்டி வைத்திருந்ததே பாதிப் பானைக்குத்தான் காணும். அவ்வளவுதான். இந்தப் பானை எழுந்தால் உண்டு.

பகல் முழுக்கப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போகிறவர்கள் பார்க்கட்டும். கீரை ஆய்ந்தேன். கிழிந்ததைத் தைத்தேன். யாரும் நின்று பேசவில்லை. ஆனால் பார்த்தார்கள். மாமா நேமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என்னைப் பார்த்துச் சொல்லாமல் தன் ஆட்டைப் பார்த்துச் சொன்னாள். ராத்திரியில் பானைக்குச் சாக்கு சுற்றவேண்டும், குளிர் ஆகாது என்று. நான் சாக்கு சுற்றினேன். ஆட்டுக்குச் சொன்னது எனக்கும் கேட்டது என்று நானும் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் ஒரு ஜீப் வந்து நின்றது. காக்கிச் சட்டை. எனக்குக் கால் தானாக எழுந்து நின்றது. முந்தானையை விரித்துப் பானையை மறைத்துக்கொண்டேன். காப்பிக்கு மருந்தடிக்கிற ஆபீசர். கூட்டுறவுக் கடைக்கு வழி கேட்டார். சொன்னேன். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“அது எப்போ ஆகும்?”

“சனிக்கிழமை.”

“நான் வெள்ளிக்கிழமை போயிருவேனே” என்று வருத்தப்பட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

முந்தானையை மடித்துச் சொருகிக்கொண்டேன். அன்றைக்கு மாலை பானையில் காதை வைத்தேன். உள்ளே மெதுவாகப் பேச்சுச் சத்தம் மாதிரி இருந்தது. பழம் எழுந்துவிட்டது. வடிகட்டி, இருந்த கேழ்வரகைக் கஞ்சியாக்கி ஊற்றினேன். கம்மி என்று எனக்கே தெரிந்தது. இருந்தது அவ்வளவுதான்.

8

சனிக்கிழமை காலையிலிருந்து நானும் மண் வெட்டினேன். இவருடைய மண்வெட்டி. யாரும் எனக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. யாரும் போகவும் சொல்லவில்லை. மத்தியானம் வேலை முடிந்து எல்லாரும் மேல்மடை ஓரம் புல்லில் உட்கார்ந்தார்கள். பானையைக் கொண்டு வந்து நடுவில் வைத்தேன்.

மலர் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். ஆபீஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள். சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பவேண்டும். நான் பதில் சொல்லவேண்டும்.

யோசுவா பெரியவர் பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“வாலவந்தி ஜனமெல்லாம் பானையைப் புதைச்சுத்தான் வெப்பாங்களா?”

சில பேர் சிரித்தார்கள். சில பேர் சிரிக்கவில்லை.

“எங்கப்பன் வெச்சாரு. அதுக்கு ஜெயிலுக்குப் போனாரு. அந்த பயத்துல நானும் வெச்சுட்டேன். தப்புன்னு தெரிஞ்சு எடுத்து வாசல்ல வெச்சேன். அதுக்கப்புறம் நீங்க எல்லாரும் பாத்தீங்க” என்றேன்.

இந்த ஊருக்கு வந்து நான் ஒரே மூச்சில் பேசிய பெரிய பேச்சு அது. மாமா நேமா இடையில் ஒரு வார்த்தையைத் திருத்தினாள். ஜெயில் என்பதற்கு நான் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டேனாம்.

பெரியவர் சுரைக்குடுக்கையில் மொண்டு என்னிடம் நீட்டினார்.

“அப்பக் குடி.”

இங்கே அது வழக்கம். வைத்தவர் முதலில் குடித்துக் காட்டவேண்டும். எல்லா வீட்டுக்கும் அதுதான். எனக்கு மட்டும் இல்லை. ஆனால் அன்றைக்கு எல்லாரும் என் தொண்டையைத்தான் பார்த்தார்கள்.

அதுவரைக்கும் நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. கண்ணை மூடவில்லை. மூடினால் வேறு மாதிரி நினைப்பார்கள். குடுக்கை காலியாகும் வரை குடித்தேன். நாள்பட்ட கூழில் யாரோ வேப்பம்பட்டையைக் கரைத்த மாதிரி இருந்தது. கவிழ்த்துக் காட்டினேன். உட்கார்ந்தேன். நான் எழுந்து நடமாடுகிறேனா என்று காத்திருந்தார்கள். மாமா நேமா எழுந்து வந்து குடுக்கையை வாங்கி, தானே மொண்டு குடித்தாள். பிறகு பெரியவர் குடித்தார். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார்.

“உலேசி கம்மி” என்றார்.

கேழ்வரகு போதாது என்றுதான் சொன்னார். ஆனால் எல்லார் கண்ணும் கரையில் நின்ற மலர் பக்கம் திரும்பியது. ஒரு கிழவர் சத்தமாகச் சிரித்தார். பிள்ளை வளர்ப்புக் கம்மி. அம்மா மண் வெட்ட, மகள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் இல்லையா.

மலருக்கு அந்தப் பேச்சு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் முகம் மாறியது. செருப்பைக் கீழே போட்டாள். சேற்றில் இறங்கி வந்து பெரியவர் கையிலிருந்து குடுக்கையை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

“கசக்குதும்மா” என்றாள்.

தமிழில் சொன்னாள். அவளுக்கே அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

என்ன சொன்னாய் என்று பெரியவர் கேட்டார். மலர் நிமிர்ந்து நின்று, அவர் பேச்சில் சொன்னாள்.

“எங்க ஊட்டுப் பானை. நல்லா இருக்குதுன்னு சொன்னேன்.”

என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அவரிடம் பொய்யைச் சொன்னாள். எந்தப் பாஷையில் எது என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

பெரியவர் தலையை ஆட்டினார். குடுக்கை சுற்றி வந்தது. நல்ல பியர் என்று ஒருவரும் சொல்லவில்லை. பானையில் மிச்சமும் இல்லை. எழுந்து போகிறபோது பெரியவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“வியாழக்கிழமை.”

9

மலருக்கு நான் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சேற்றுக் காலோடு போனாள். பட்டணத்துக்கும் போனாள். அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவள் பிள்ளைகளுக்குத் தமிழில் இரண்டு வார்த்தை தெரியும். ஒன்று அம்மாயி. இன்னொன்று கசக்குது. நம்ம முறை வருகிற வருடம் எல்லாரும் வந்து மண் வெட்டுகிறார்கள். மற்ற வருடம் போன் மட்டும்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் அம்மா எனக்கு எழுதிய கடிதத்துக்கெல்லாம் நான் பதில் போட்டேனா.

யோசுவா பெரியவர் இப்போது இல்லை. மாமா நேமா இருக்கிறாள். காது கேட்காது. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் விரலை ஆட்டி டைப் அடித்துக் காட்டுகிறாள். என் பானை இப்போது கொஞ்சம் பரவாயில்லை என்கிறார்கள். பாயின் தம்பி பார்த்தது அதைத்தான். அன்றைக்குக் கேழ்வரகு ஊற்றின நாள். நுரை வெளியே வந்துகொண்டிருந்தது. தூக்கி உள்ளே வைக்கவா என்று அவர் கேட்டார், விருந்தாளி முன்னால் எனக்குச் சங்கடமாக இருக்குமோ என்று. வேண்டாம் பாய், அங்கேயே இருக்கட்டும் என்றேன். அவர் அதைச் சொன்னாரா தெரியவில்லை.

பழனி, நீ கேட்டதுக்குப் பதில் இதுதான் சாமி. காய்ச்சுவது ஒளித்து வைப்பது. இது வாசலில் வைப்பது. உன் தாத்தனுக்கு வாசலில் வைக்கிற ஊர் வாய்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஊரில் யாராவது கேட்டால் சொல்லு. கேட்காவிட்டால் விட்டுவிடு.

நிறுத்துகிறேன். இன்றைக்கு வியாழக்கிழமை. மேலே மடையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வருகிற சத்தம் கேட்கிறது.